ஸ்பார்ட்டகஸ்: மன்னர்கள் இல்லாத ஒரு சரித்திர நாவல்

சரித்திர நாவல் என்றதும் நம் வாசகர்களிற் பெரும்பாலாரின் நினைவில் எழுவன குதிரைகளும், சுரங்கப் பாதைகளும், மாறுவேடங்களும், ஓர் இளவரசியின் கடைக்கண் பார்வையுமே. இதற்காக வாசகரைக் குறைகூற இடமில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு தொடக்கம் 1954ஆம் ஆண்டுவரை வாரந்தோறும் வெளிவந்தபோது அதற்காகக் காத்திருந்த தலைமுறையின் ஆர்வம், அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் முதுசொமாக இறங்கி வந்திருக்கிறது. அடுத்து என்ன நிகழும் என்றறியும் ஆவல் மனிதனின் இயல்பான பசிகளுள் ஒன்று. அப்பசியைத் தீர்க்க அறியாதவன், எத்துணை உயர்ந்த கொள்கையுடையவனாயினும் நாவலாசிரியன் ஆகான். நம் அணியைச் சேர்ந்த எழுத்தாளர் சிலர் இதனை மறந்து, துண்டுப் பிரசுரத்துக்குப் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டி நாவல் என்று தந்துவிட்டு, மக்கள் படிப்பதில்லையே என அங்கலாய்த்ததும் உண்டு.

ஆசிரியத் தொழில் புரியும் இளம் நண்பர் ஒருவர் அண்மையில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டார். மன்னர்களைப் பற்றியதல்லாத சரித்திர நாவல் ஏதும் உண்டா என்பது முதலாவது. உண்டெனின், அதனை இரவு விழித்திருந்து படிக்க முடியுமா என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு விடையாகப் பத்து நூல்களின் பெயரை எவரும் சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்விதான் வில்லங்கமானது. இரண்டுக்கும் சேர்த்து நான் அவரிடம் கொடுத்த நூல், அமெரிக்க எழுத்தாளர் ஹொவார்ட் பாஸ்ட் எழுதி 1951ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்பார்ட்டகஸ்'. தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ள இந்நூலை நம் வாசகர்களுக்கும் சிபாரிசு செய்வதே இக்கட்டுரையின் நோக்கம். அத்துடன், இந்நூல் தொடர்பாக நம்மவர் மத்தியில் நிலவிய ஒரு மௌனத்தைக் கலைப்பதும் அவசியமெனத் தோன்றுகிறது.

'பொன்னியின் செல்வன்' ஓர் ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரையில், வந்தியத்தேவன் குதிரைமீது வருவதோடு தொடங்குகிறது. 'ஸ்பார்ட்டகஸ்' நாவலும் ஒரு பிரயாணத்தோடுதான் தொடங்குகிறது. ஆண்டு கி.மு. 71. உரோம் நகரிலிருந்து கப்புவாவுக்குச் செல்லும் அப்பியா பெருவீதி, சில காலம் மூடப்பட்டிருந்து, மீண்டும் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. செல்வக் குடும்பத்து இளைஞனான காயஸ், அவன் சகோதரி ஹெலனா, அவள் தோழி குளோடியா ஆகிய மூவரும், அடிமைகள் பல்லக்குச் சுமந்துவர, உல்லாசப் பயணம் புறப்படுகின்றனர். அவர்களுடைய பேச்சில் கவலையில்லை, காலமோ இளவேனில். ஆனால் வீதியின் ஓரம் நெடுகிலும் சிலுவைகள் நிற்கின்றன. ஒவ்வொரு சிலுவையிலும் ஒரு மனித உடல். நாவல் தரும் கணக்கின்படி அவற்றின் தொகை 6,472.

முதற் சிலுவையின் அடியில் ஒருவன் ஆசனம் போட்டு அமர்ந்து, மேலே தொங்குபவன் யார் என்பதை வழிப்போக்கருக்கு விளக்கிக் காசு பெற்றுக்கொண்டிருக்கிறான். இளம் பிரயாணிகள் சற்றே திடுக்கிடுகின்றனர், கேள்வி கேட்கின்றனர், காசு கொடுக்கின்றனர், போகின்றனர். சில மைல்களுக்குள் அக்காட்சி அவர்களுக்குப் பழகிவிடுகிறது. வாசகனாகிய எனக்குப் பழகவில்லை. பாஸ்டின் கதை சொல்லும் திறன் முதன்முதலாக நம்மைப் பற்றிப் பிடிப்பது இவ்விடத்தில்தான். கண்டிக்கும் சொல் ஒன்றேனும் ஆசிரியர் கூற்றாக அங்கே வரவில்லை. அழகிய வீதி ஒன்றினைக் காட்டுகிறார், அதன் ஓரத்தில் நிற்பனவற்றையும் காட்டுகிறார், அவ்வளவே.

இந்த 6,472 பேரும் யார்? உரோமப் பிரபுக்கள் கண்டு களிப்பதற்காக ஒருவரையொருவர் வெட்டிச் சாய்க்கப் பழக்கப்பட்ட வாள்வீர அடிமைகள் சிலர் கி.மு. 73இல் கப்புவாவிலிருந்த பயிற்சிக் கூடத்தை உடைத்துக்கொண்டு வெளியேறினர். எழுபதுக்குச் சற்று மேற்பட்ட அவர்களிடம் முதலில் இருந்த ஆயுதம் சமையலறைக் கத்திகளும் இரும்புக் கம்பிகளுமே. விசூவியஸ் மலையில் ஏறிய அவர்களை முற்றுகையிட்ட படையை, காட்டுக் கொடிகளால் ஏணி முடைந்து மறுபுறமாக இறங்கி வந்து தாக்கி அழித்தனர். தோட்டங்களிலும் மந்தைகளிலும் உழன்ற அடிமைகள் பல்லாயிரவர் அவர்களோடு வந்து சேர்ந்தனர். இரண்டு ஆண்டுகளாக உரோமப் படைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோற்றோடின. இறுதியில் கிராசஸ் என்னும் பெருஞ் செல்வன் தலைமையேற்ற படை கி.மு. 71இல் அவர்களை முறியடித்தது. தலைவனான ஸ்பார்ட்டகஸின் உடல் கண்டெடுக்கப்படவில்லை. உயிருடன் சிக்கிய ஆறாயிரவர் கப்புவாவிலிருந்து உரோம் வரை சிலுவையில் அறையப்பட்டனர்.

இவற்றை நமக்கு அறிவிப்போர் புளூட்டாக், அப்பியன் முதலான பழைய ஆசிரியர்கள். புளூட்டாக் எழுதியது ஸ்பார்ட்டகஸின் வரலாறன்று. அவனை வென்ற கிராசஸின் வரலாறு. அதனுள் ஒரு கிளைக்கதையாகவே ஸ்பார்ட்டகஸ் வருகிறான். அடிமைகளின் பக்கத்திலிருந்து ஒரு வரிதானும் நமக்கு எஞ்சவில்லை. அவர்கள் எதற்காகப் போராடினர், இரவில் தீ மூட்டிக் குளிர்காய்ந்தபோது என்ன பேசிக்கொண்டனர், எவ்வகை உலகம் ஒன்றினை விரும்பினர் என்பதையெல்லாம் கொன்றவர்களின் ஏடுகளிலிருந்தே நாம் ஊகித்தறிய வேண்டியிருக்கிறது. மன்னர்களைப் பற்றி நாவல் எழுதுபவனுக்குக் கல்வெட்டும் செப்பேடும் மெய்க்கீர்த்தியும் கைகொடுக்கும். அடிமையைப் பற்றி எழுதப் புகுபவனுக்கு முன்னால் வெற்றிடமே கிடக்கிறது.

பாஸ்ட் இந்த வெற்றிடத்தை மறைக்க முயலவில்லை. அதனையே தம் நாவலின் அமைப்பாக ஆக்கிக்கொண்டார். கதை தொடங்கும்போது ஸ்பார்ட்டகஸ் இறந்துவிட்டான். அவனைப் பற்றி நாம் அறிபவற்றுள் பெரும்பகுதி அவனது பகைவர்களின் ஞாபகங்கள் வாயிலாகவே வருகின்றது. பிரயாணிகள் மூவரும் தங்கும் மாளிகையில் படைத்தலைவன் கிராசஸ் இருக்கிறான். முதிய அரசியல்வாதி கிராக்கஸ் இருக்கிறான். வளர்ந்துவரும் சிசரோவும் இருக்கிறான். உண்டு குடித்து இளைப்பாறும் அவர்கள் எதைப் பேசத் தொடங்கினாலும் பேச்சு ஸ்பார்ட்டகஸிடமே போய் முடிகிறது. அவன் எப்படிப்பட்டவன் என்று அறியாமல் அவர்களுக்கு உறக்கமில்லை. வென்றவர்களின் உள்ளத்தில் அச்சம் குடியிருப்பதை வாசகன் மெல்ல மெல்ல உணர்ந்துகொள்கிறான். துப்பறியும் கதையில் மறைந்தவனைத் தேடிச் செல்லும் விறுவிறுப்பு இந்நாவலுக்கு இவ்வாறு வாய்க்கிறது. நண்பரின் இரண்டாவது கேள்விக்கு என் விடை இதுவே.

அடிமை வாள்வீரர்களை வாங்கிப் பழக்கி வாடகைக்கு விடும் பட்டியாட்டஸ் என்பவன் போர்க்காலத்தில் கிராசஸின் கூடாரத்துக்கு வந்து தான் அறிந்ததைச் சொல்லும் பகுதி நூலின் சிகரங்களுள் ஒன்று. நூபியப் பாலைவனத்தின் பொற்சுரங்கங்களிலிருந்து ஸ்பார்ட்டகஸை விலைக்கு வாங்கிய கதை அது. அவன் பாட்டன் அடிமை, தந்தை அடிமை, அவனும் அடிமை. வெயிலில் வெந்து, குடிநீர் அளந்து கொடுக்கப்பட, சிறுவர்களும் கல் சுமக்கும் அச்சுரங்கங்களின் வருணனையைப் படித்தபின், பொன் நகை ஒன்றினைப் பழைய கண்ணோடு பார்ப்பது கடினம். மிகைப்படுத்தல் என எண்ணுவோர் நூபிய எல்லைப் பொற்சுரங்கங்களைப் பற்றிப் பண்டைய கிரேக்க ஆசிரியர் தியோதோரஸ் விட்டுச்சென்ற குறிப்புகளைப் பார்க்கலாம். நாவலாசிரியரின் கற்பனை அவற்றை விஞ்சவில்லை.

இன்னொரு காட்சி. உரோமிலிருந்து வந்த இளம் செல்வர் இருவர், சாதாரண வாட்போரில் சலிப்புற்று, சாகும்வரை பொருதும் இரண்டு சோடிகளைத் தமக்கென்றே தனியாக ஏற்பாடு செய்கின்றனர். அவ்விருவருள் ஒருவன், நாவலின் முதற் பக்கத்தில் சிலுவைகளைக் கடந்து உல்லாசமாகப் பிரயாணம் செய்தானே, அதே காயஸ். கலகத்துக்குத் தீ வைத்தது தன் பணப்பையே என்பது அவனுக்கு உறைப்பதில்லை. ஸ்பார்ட்டகஸோடு பொருத நிறுத்தப்பட்டவன் டிராபா என்னும் ஆபிரிக்கன். அவன் தோழனைக் கொல்ல மறுத்து, தன் ஆயுதத்தோடு பார்வையாளரை நோக்கிப் பாய்ந்து, காவலரால் கொல்லப்படுகிறான். அந்த ஒரு கணத்தின் பின் ஸ்பார்ட்டகஸுக்குப் பழைய வாழ்வு இல்லை. தனியொருவனின் வீரத்தால் புரட்சி மூள்வதாகக் காட்டாமல், மற்றொருவன் விட்டுச்சென்ற கடனாக அது தலைவனின் தோளில் ஏறுவதாகப் பாஸ்ட் காட்டியிருப்பது கவனிக்கத்தக்கது.

ஜோர்ஜ் லூக்காச் 1930களில் எழுதிய சரித்திர நாவல் பற்றிய ஆய்வில், ஸ்கொட்டின் நாவல்களைச் சிறப்பித்துப் பேசும்போது, பெருந் தலைவர்களைக் கதையின் ஓரத்தில் நிறுத்தி, நடுத்தரமான ஒருவனை நடுவில் வைத்து, சமூக சக்திகள் மோதும் களத்தை அவன்மூலம் காட்டுவதே அவரது வெற்றி என்பார். வந்தியத்தேவனும் அவ்வகைப்பட்டவன்தான் என்பது கல்கியை வெறும் பொழுதுபோக்கு எழுத்தாளர் எனத் தள்ளிவிடும் நண்பர்களின் கவனத்துக்குரியது. பாஸ்ட் ஒரு படி மேலே சென்று, தலைவனை ஓரத்தில் மட்டுமல்ல, கல்லறைக்கு அப்பாலேயே நிறுத்திவிட்டார். நடுவில் நிற்பவர்களோ சுரண்டுவோர். தம் உலகைத் தாமே விளக்கும் பொறுப்பு அவர்களுக்கு விடப்படுகிறது. அவர்களும் கூச்சமின்றி விளக்குகின்றனர்.

கப்புவாவில் கிராசஸ் தன் இளம் விருந்தினரை ஒரு வாசனைத் தைலத் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லும் அத்தியாயத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். அங்கே வேலை செய்வோர் அடிமைகளல்லர். கூலிக்கு உழைக்கும் சுதந்திரப் பிரசைகள். அடிமைக்குச் சோறு போட வேண்டும், காவல் போட வேண்டும், நோயுற்றால் முதல் நட்டம். கூலியாளுக்கோ இவை எதுவும் தேவையில்லை. பசி அவனைத் தானாகவே வாசலுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய உரோமில் நிற்கும் வாசகன் திடீரெனத் தன் காலத்துத் தொழிற்சாலைப் படலையில் நிற்பதாக உணர்கிறான். சரித்திர நுணுக்கம் பார்ப்போர் இங்கே காலவழுவைச் சுட்டுவர். உரோமில் கூலியுழைப்பு இருந்தது உண்மையெனினும், கிராசஸின் வாயில் ஆசிரியர் வைக்கும் கணக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டு முதலாளியின் கணக்குத்தான். ஆயினும் அக்காட்சியை நூலிலிருந்து நீக்க நான் சம்மதியேன்.

இவை யாவற்றினும் என்னைக் கவர்ந்த பாத்திரம் கிராக்கஸ். அடித்தளத்திலிருந்து ஏறி வந்தவன், பருத்தவன், வாக்குகளை விலைக்கு வாங்குவதில் சமர்த்தன். ஏழை தனக்கு எதிராகவே போரிட்டுச் சாக முன்வரும்படி அவனை நம்பவைப்பதே தன் தொழில் என்பதை ஒளிவுமறைவின்றி அறிந்தவன். இத்தகைய ஒருவன், மாண்டுபோன அடிமைத் தலைவனின் மனைவி வரீனியாவைக் கிராசஸின் மாளிகையிலிருந்து மீட்டு, தன் செல்வத்தைச் செலவிட்டு, வடக்கே கோல் நாட்டுப் பக்கம் அனுப்பிவிட்டு, தன் வாளால் தானே மடிகிறான். தன் வாழ்நாள் முழுதும் பொய்யையே விற்ற மனிதன் ஒருவன் ஒரே ஓர் உண்மைக்கு எல்லாவற்றையும் கொடுத்துவிடும் அந்தப் பகுதியை எழுதியவர் பிரசாரகர் மட்டுமே எனச் சொல்வோர் அதனைப் படித்திருக்கமாட்டார்.

இந்நூல் பிறந்த சூழலையும் வாசகர் அறிந்திருத்தல் நன்று. ஸ்பானிய உள்நாட்டுப் போரில் தோல்வியுற்ற குடியரசுத் தரப்பு அகதிகளுக்கு உதவிய குழுவொன்றில் பாஸ்ட் இடம்பெற்றிருந்தார். அக்குழுவின் பதிவேடுகளை அமெரிக்கக் காங்கிரசின் விசாரணைக் குழுவிடம் ஒப்படைக்க மறுத்தமைக்காக அவர் 1950இல் மூன்று மாதச் சிறைத் தண்டனை அனுபவித்தார். ஸ்பார்ட்டகஸைப் பற்றிய சிந்தனை அவருக்குச் சிறையிலேயே ஏற்பட்டது. எழுதி முடித்த நாவலைப் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன. அவர் தளரவில்லை. வாசகரிடம் முற்பணம் திரட்டித் தாமே அச்சிட்டார். சில மாதங்களில் நாற்பதாயிரத்துக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகின. காட்டிக்கொடுக்க மறுத்த ஒருவர், காட்டிக்கொடுக்க மறுத்தவர்களைப் பற்றி எழுதிய நூல் இது. தாவீது என்னும் யூதன் சிலுவையில் தொங்கியவாறே தன் வாழ்வின் நான்கு காலங்களை நினைவுகூரும் பகுதிக்கு இவ்வளவு வெப்பம் எங்கிருந்து வந்தது என்பது அப்போது புலனாகும்.

குறைகளையும் சொல்லாமல் விடலாகாது. ஸ்பார்ட்டகஸ் மிகத் தூயவனாக வார்க்கப்பட்டிருக்கிறான். அவனிடத்தில் ஐயமில்லை, பிழையில்லை, கோபத்தில் செய்த கொடுமையும் இல்லை. போரில் இறந்த தன் தோழன் கிறிக்சஸுக்கு நீத்தார் கடனாக உரோமக் கைதிகள் முந்நூறு பேரை அவன் பலியிட்டான் என்று அப்பியன் எழுதியிருக்கிறார். மனித இயல்பின் இந்த இருண்ட பக்கத்தோடு மல்லாடியிருந்தால் நாவல் இன்னும் உயர்ந்திருக்கும். அல்ப்ஸ் மலைவரை சென்ற அடிமைப்படை, தாயகம் திரும்பும் வழி கண்முன் திறந்திருந்தும், ஏன் மீண்டும் தெற்கே திரும்பியது? வரலாற்றின் இப்பெரும் புதிருக்கு நாவல் போதிய விடை தரவில்லை. அடிமைமுறையையே உலகிலிருந்து ஒழிக்க ஸ்பார்ட்டகஸ் எண்ணினான் என்பதற்கும் பழைய ஏடுகளில் ஆதாரமில்லை. கொள்ளைப் பொருளை யாவர்க்கும் சமமாகப் பங்கிட்டான், பொன்னும் வெள்ளியும் தன் முகாமுக்குள் வருவதைத் தடுத்தான் என அப்பியன் கூறுவதை விதையாகக் கொண்டு பாஸ்ட் ஒரு பெருமரத்தை வளர்த்துவிட்டார். நாவலாசிரியனுக்கு அந்த உரிமையுண்டு. ஆனால் வாசகன் மரத்தையும் விதையையும் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

வரீனியாவின் பாத்திரம் இதனிலும் பலவீனமானது. அவள் அழகு, அன்பு, பொறுமை ஆகியவற்றின் உருவமாக நிற்கிறாளேயன்றி, தானாக ஒரு முடிவெடுத்துக் கதையைத் திருப்புவது அரிது. ஸ்பார்ட்டகஸின் மனைவி அவனது குலத்தவளேயான ஒரு குறிசொல்லும் பெண் என்று புளூட்டாக் எழுதுகிறார். தெய்வம் ஏறி ஆடும் அப்பெண்ணை விட்டுவிட்டு, பொன்னிறக் கூந்தலையுடைய வரீனியாவைப் படைத்தது ஆசிரியருக்கு நட்டமே. ஆணுக்கும் ஆணுக்குமிடையிலான உறவை உரோம மேற்குடியின் அழுகலுக்கு அடையாளமாக நிறுத்தியிருப்பதும் அக்காலத்துத் தப்பெண்ணத்தின் விளைவு. ஒடுக்குமுறையின் இழிவைக் காட்ட அந்தக் குறுக்குவழி அவருக்கு வேண்டியதில்லை.

இனி, முன்னர் குறிப்பிட்ட மௌனத்துக்கு வருவோம். 1953இல் ஸ்டாலின் சமாதானப் பரிசு பெற்ற பாஸ்ட், ஸ்டாலின் காலத்துக் கொடுமைகள் 1956இல் வெளிப்பட்டதைத் தொடர்ந்து கட்சியை விட்டு விலகினார். 1957இல் தம் கசப்பையெல்லாம் கொட்டி ஒரு நூலும் எழுதினார். அதுவரை அவரைக் கொண்டாடிய சோவியத் பதிப்பகங்கள் அவர் நூல்களை வெளியிடுவதை நிறுத்தின. உலகெங்கும் முற்போக்கு வட்டாரங்களில் அவர் பெயரை உச்சரிப்பதே சங்கடமாயிற்று. நம்மவர் பலரும் அவ்வாறே நடந்துகொண்டனர். நேற்றுவரை நல்ல நாவலாக இருந்தது, ஆசிரியர் ஓர் அங்கத்துவ அட்டையைத் திருப்பிக் கொடுத்த மறுநாள் எப்படிக் கெட்ட நாவலாயிற்று என்று எவரும் கேட்கவில்லை. மறுபுறம், 1960இல் கிர்க் டக்ளஸ் நடித்து வெளிவந்த திரைப்படம் ஸ்பார்ட்டகஸின் பெயரை உலகறியச் செய்தது. அதற்குத் திரைக்கதை எழுதிய டோல்ற்றன் டிறம்போவும் அதே விசாரணைக் குழுவுக்குப் பணிய மறுத்துச் சிறை சென்றவரே. படம் சிறந்ததுதான், ஆனால் அது தலைவனைத் திரையின் நடுவில் உயிரோடு நிறுத்திவிட்டபடியால், நாவலின் உயிர்நாடியாகிய அந்த 'இல்லாமை'யை இழந்துவிட்டது. படத்தைப் பார்த்துவிட்டேன், புத்தகம் எதற்கு என்பாருக்கு இதுவே மறுமொழி.

2003இல் பாஸ்ட் காலமானார். அவரைப் புறக்கணித்த பதிப்பகங்களைப் பேணிய அரசும் அதற்கு முன்பே மறைந்துவிட்டது. கட்சி விவகாரத்தில் அவர் செய்தது சரியா பிழையா என்பதில் எனக்கும் அபிப்பிராயம் உண்டு. 1957இல் அவர் எழுதிய நூல் ஆத்திரத்தில் எழுதப்பட்டது என்பதே என் எண்ணம். ஆனால் ஸ்பார்ட்டகஸின் சிலுவைகள் அந்த விவாதத்துக்கு முன்னரே நடப்பட்டவை. அவற்றைக் கடந்து நாமும் பல்லக்கில் போய்விட முடியாது.

படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு சிறு வார்த்தை. முதல் ஐம்பது பக்கங்களில் உரோமப் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பும். காலம் முன்னும் பின்னுமாகத் தாவும். அஞ்சற்க. பெயர்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி நூலுக்குள் வைத்துக்கொள்ளலாம். பட்டியாட்டஸ் கூடாரத்துக்குள் நுழைந்தபின் அத்தாள் தேவைப்படாது. நண்பர் நூலை நான்கு நாட்களில் திருப்பித் தந்தார். அதற்குள் அவருடைய பாடசாலையில் மேலும் இருவர் அதனைப் படித்து முடித்திருந்தனர்.